மறுபரிசோதனை நாட்களின் சித்திரங்கள்

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மேலூரிலிருந்து மதுரைக்கு வருகிறேன். காரணம், கண். வரும்போது என் துணிப்பையில் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று, நம் மருத்துவமனை கொடுத்த சிகிச்சைக் குறிப்பேடு. மற்றொன்று, நாற்பது பக்க வரைபட நோட்டு. முன்னதை மருத்துவர் புரட்டிப் பார்க்கிறார். பின்னதை என் துணைவியார் புரட்டிப் பார்க்கிறார். இருவரில் கண்டிப்பு மிகுந்தவர் யார் என்பதை, இவ்விதழின் வாசகர்களில் மணமானவர்கள் எளிதில் ஊகித்துக்கொள்வர்.

நான் ஓவியன் அல்லன். அஞ்சல் நிலையத்தில் எழுத்தனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீணாய்ப்போன பணவிடைப் படிவங்களின் பின்புறத்தில், வரிசையில் நிற்போரின் மூக்கையும் மீசையையும் கிறுக்கிப் பழகியது என் கை. அலுவலகத்தில் எனக்குக் ‘கிறுக்கர்’ என்றே பெயர். அதை எப்பொருளிலும் கொள்ளலாம் என்பதால் நான் வருந்தியதில்லை. ஓய்வு பெற்ற மறு ஆண்டு, படிக்கும் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்த இடத்தில், ‘கண் நீர் அழுத்த நோய்’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். வலி கிடையாது, சிவப்புக் கிடையாது, செய்தித்தாளின் சிறிய எழுத்துகளைக்கூட நன்றாகப் படிக்கிறேன். பிறகு எதற்கு நோய் என்கிறார்கள் என்று எனக்குள் ஓர் ஐயம் இருந்துகொண்டே இருந்தது. அந்த ஐயத்தின் விலையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பயணம்.

மேலூர்ப் பேருந்தில் சன்னல் ஓர இருக்கை கிடைத்துவிட்டால் அன்றைய நாள் நல்ல நாள். பெரியாற்றுக் கால்வாயில் நீர் வந்துவிட்ட மாதமானால் சாலையின் இருமருங்கும் நாற்றங்கால் பச்சை கண்ணில் ஏறும். நீர் வராத மாதமானால் அதே வயல்களில் ஆடுகள் மேயும். பனைகள் மட்டும் எந்த மாதத்தையும் பொருட்படுத்தாமல் நிற்கும். சிட்டம்பட்டி, வெள்ளரிப்பட்டி என்று ஊர்கள் கழிய, சன்னலுக்கு வெளியே மெல்ல எழுந்து வருவது யானைமலை.

ஆனால் மேலூரிலிருந்து வருபவனுக்கு அது எடுத்த எடுப்பில் யானையாகத் தெரிவதில்லை. நீண்ட ஒரு கற்பாறையின் முதுகு தெரிகிறது, அவ்வளவே. ஒத்தக்கடையை நெருங்க நெருங்க அதுவும் உருக்கலைந்து, வானத்தை மறைக்கும் சுவராகிவிடுகிறது. மாட்டுத்தாவணியில் இறங்கி, நகரத்தின் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால்தான், துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் அந்த மாபெரும் விலங்கு புலப்படும். அருகில் கல், தொலைவில் யானை! நாற்பது ஆண்டுகள் இவ்வழியே போய்வந்தும், வரையத் தொடங்கிய பின்னரே இதைக் கவனித்தேன்.

முதன்முறை வரைந்தபோது என் யானை, பேருந்தின் மேற்கூரையில் ஏற்றிய நெல்மூட்டை போல வந்தது. இரண்டாம் முறை, உறங்கும் எருமை போல வந்தது. “படம் நல்லாத்தான் இருக்குங்க. கீழே பேரை மட்டும் எழுதி வச்சிடுங்க” என்றார் என் துணைவியார்.

ஒருநாள் காத்திருப்புக் கூடத்தில், கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு அடுத்தடுத்து அமர்ந்திருந்தோம் நானும் ஓர் அம்மையாரும். கல்லூரி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பாவையை விரிக்கும் சொட்டு விழுந்துவிட்டால் சில மணி நேரத்துக்கு அருகில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். அந்நிலையில் இருவருக்கும் படிக்கவும் இயலாது, வரையவும் இயலாது. பேசத்தான் இயலும். என் நோட்டின் கதையைக் கேட்டுவிட்டு, “ஐயா, மனோகர் தேவதாஸின் யானைமலையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று வினவினார். பார்த்ததில்லை என்றேன். அடுத்த பரிசோதனை நாளில் மறவாமல் இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை நான் இன்னும் திருப்பித் தரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அம்மையார் இவ்விதழைத் தவறாமல் படிப்பவர்.

மனோகர் தேவதாஸ் 1936ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். கோரிப்பாளையத்தில் உள்ள அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். சென்னைக்குச் சென்று ஒரு தொழில் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றினார். ஓவியப் பள்ளி எதிலும் பயிலாமல், வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் கறுப்பு மையால் கோட்டுச் சித்திரங்கள் வரைந்தார். பொழுதுபோக்கு ஓவியர் என்னும் சொல்லுக்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்தான் அவருக்குப் போதவில்லை. 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2022 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

அம்மையார் தந்த நூல்களில் ஒன்று ‘கிரீன் வெல் இயர்ஸ்’, 1997இல் வெளிவந்தது. 1940களிலும் 50களிலும் மதுரையில் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை. வயல்வெளிக் கிணறும் அதில் நீந்தும் நண்பர்களும் நிறைந்தது. மற்றொன்று ‘மல்டிப்பிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’, 2007இல் வந்தது. இதில் கோபுரங்களும் வீதிகளும் யானைமலையும் வயல்களும் இலை இலையாக, செங்கல் செங்கலாக, நுண்ணிய கோடுகளால் நிறைந்திருக்கின்றன. நான் ஆங்கிலத்தை அகராதியின் துணையோடு படிப்பவன். ஆயினும் அப்படங்களுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அவருடைய யானைமலையின் கீழே பெயர் எழுத வேண்டிய தேவையும் இல்லை.

படங்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்த எனக்கு, அம்மையார் சொன்ன அடுத்த செய்திதான் தூக்கிவாரிப் போட்டது. இவற்றை வரைந்தவருக்கு ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்னும் விழித்திரை நோய் இருந்தது. பரம்பரையாக வரக்கூடிய இந்நோயில் முதலில் இரவுப் பார்வை மங்கும். பிறகு பக்கப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, ஒரு குழாய் வழியே உலகைப் பார்ப்பது போலாகிவிடும். பலருக்கு இறுதியில் அந்தக் குழாயும் அடைபடும். அவர் வாழ்ந்த காலத்தில் அதைத் தடுத்து நிறுத்தும் மருந்து அவருக்குக் கிட்டவில்லை. இன்றும் அந்நோயின் பெரும்பாலான வகைகளுக்கு அத்தகைய மருந்து இல்லை.

அப்படியாயின், ஒரு கோபுரத்தை ஒரே பார்வையில் அடக்க இயலாத கண்ணால் ஒருவர் எவ்வாறு கோபுரத்தை வரைகிறார்? துண்டு துண்டாக. தடித்த உருப்பெருக்கு ஆடியும் மிகுந்த வெளிச்சமும் கொண்டு, தாளில் ஒரு சிறு வட்டத்தைப் பார்த்து, அதை முடித்து, அடுத்த வட்டத்துக்கு நகர்ந்து. முழு வடிவம் கண்ணில் இல்லை, நினைவில் இருந்தது. சிறுவனாக ஓடித் திரிந்த காலத்தில் பார்த்து வைத்ததையெல்லாம் பிற்காலத்தில் சிறுகச் சிறுக எடுத்துச் செலவிட்டிருக்கிறார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வேலை பார்த்தவனுக்கு உவமையும் அங்கிருந்துதான் வரும்.

அதன்பின் என் மதுரைப் பயணங்களின் போக்கு மாறிற்று. மருத்துவரைப் பார்க்கும் நேரத்துக்கு முன்னதாகவே வந்து, ஏதேனும் ஓர் இடத்தைப் பார்த்து வரைவது என்று தீர்மானித்தேன். சொட்டு விட்ட பின் வரைய இயலாதல்லவா? அதனால் அதிகாலைப் பேருந்து. “ஆபீசுக்குப் போன காலத்தில இந்தச் சுறுசுறுப்பைப் பார்க்கலையே” என்பது இல்லத்திலிருந்து வந்த கருத்துரை.

மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தில் தொடங்கினேன். பதினான்கு கோபுரங்களுள் உயரமானது இதுவே; ஏறத்தாழ 170 அடி. கோபுரத்தின் வெளிக்கோடு நேர்க்கோடு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அளவுகோலை வைத்து இரண்டு கோடுகள் இழுத்து உச்சியில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது! அவ்வாறே இழுத்தேன். படம் கோபுரமாக இல்லை. மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் குவித்த லட்டு அடுக்காக இருந்தது. மூன்று முறை அழித்த பின்னரே பிடிபட்டது: தெற்குக் கோபுரத்தின் விளிம்பு நேர்க்கோடு அன்று, இடையில் மெல்ல உட்குழிந்து பிறகு நிமிர்கிறது. அந்தக் குழிவினால்தான் அத்தனை சுதைச் சிற்பங்களைச் சுமந்தும் அது பாரமாகத் தெரியாமல் எழுந்து நிற்கிறது. என் திருமணம் முடிந்த கையோடு வணங்கி வந்த கோபுரம் அது. அதன் இடை வளைவை அறுபத்தொன்றாம் அகவையில் கண்டுபிடித்தேன்.

திருமலை நாயக்கர் மகாலில் எனக்குச் சிறப்பாக எதுவும் வாய்க்கவில்லை. தூண்கள் பருமனானவை, என் நோட்டு சிறியது, புறாக்கள் இரக்கமற்றவை. அவ்வளவு போதும்.

புது மண்டபம் பற்றி ஒரு செய்தியை மருத்துவமனை இதழில் சொல்லாமல் விடலாகாது. தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் நெடுங்காலம் நிறைந்திருந்த அந்த மண்டபத்தில், கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்ட பிறகே தூண்கள் மூச்சு விட்டன. அத்தூண்களின் மீது மனத்தைப் பறிகொடுத்த முன்னோர் ஒருவர் மருத்துவர்! ஆதம் பிளாக்கடர் என்னும் ஆங்கிலேயக் கம்பெனிக் கால அறுவை மருத்துவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் இருந்தார். உள்ளூர் ஓவியரைக் கொண்டு தூண் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரையச் செய்து, கோயிலையும் மண்டபத்தையும் பற்றி ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் 1792இல் இலண்டன் தொல்பொருட் கழகத்தின் ஏட்டில் அச்சாகியது. படங்கள் இன்று அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த நாட்களில் நோயாளிகள் எத்தனை நேரம் காத்திருந்தார்களோ என்று எண்ணிக்கொண்டேன். இதை நம் மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். ஆயினும் என் கண்ணிலிருந்து கருவியை எடுக்கவில்லை.

இப்போது தெப்பக்குளம். இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டும்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645ஆம் ஆண்டு திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்டது. ஏறத்தாழச் சதுரம், ஒரு பக்கம் ஆயிரம் அடிக்கு அருகில் வரும். நடுவே மைய மண்டபமும் தோப்பும். இதைத் தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பது மதுரைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நான் இளைஞனாக இருந்தபோதும் அதன் பின்னரும் நீரற்றுக் கிடந்த ஆண்டுகளே மிகுதி. சிறுவர்கள் அதனுள் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவர். தெப்பத் திருவிழாவின்போது மட்டும் நீர் நிரப்புவர். அண்மை ஆண்டுகளில் வைகையிலிருந்து கால்வாய் வழியே நீர் வரத் தொடங்கிய பின், மாலை நேரத்தில் மைய மண்டபத்தின் நிழல் நீரில் தலைகீழாக நிற்பதைப் பார்க்க ஊரே கூடுகிறது. வேர்க்கடலை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், குழந்தைகளின் ஊதல், காற்று.

அன்று காலையிலேயே மருத்துவமனை வேலை முடிந்துவிட்டது. சொட்டின் மயக்கம் தெளிந்த பிறகு, மாலையில் குளத்தின் படிக்கட்டுக்கு மேலே சுவரோரம் அமர்ந்து வரைந்தேன். மண்டபம் நன்றாக வந்தது. தென்னையும் வந்தது. நீரில் விழுந்த நிழலைக் கோடு கோடாக இழுத்தபோது, எனக்கே என்மீது ஒரு மதிப்புப் பிறந்தது. ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நெடுநேரமாகப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாராட்டுவான் என்று காத்திருந்தேன்.

“தாத்தா, நாயை விட்டுட்டீங்களே.”

“எந்த நாய் தம்பி?”

அவன் கையை நீட்டினான். என் காலடிக்கு இரண்டு படிகள் கீழே, முழு நீளத்துக்குப் படுத்து, ஒரு பழுப்பு நாய் உறங்கிக்கொண்டிருந்தது. நான் வந்து அமர்ந்ததற்கு முன்பிருந்தே அங்குதான் கிடக்கிறது என்று சிறுவன் உறுதியாகச் சொன்னான். படத்தில் நாய் மட்டும் விடுபடவில்லை. அந்தப் படிகளே இல்லை. மண்டபத்திலிருந்து நேராக நீர், நீருக்குக் கீழே வெற்றுத் தாள்.

சிரித்துவிட்டு எழுந்தேன். இறங்கி நாயை அருகில் பார்க்கலாம் என்று காலை வைத்தவன், இல்லாத ஒரு சமதளத்தில் வைத்தேன். என் துணைவியார் சட்டையின் பின்புறத்தைப் பற்றி இழுத்திராவிட்டால், அன்று நானும் தெப்பத்தோடு மிதந்திருப்பேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிற்று.

திரும்பும் பேருந்தில் இருவரும் பேசவில்லை. ஒத்தக்கடை தாண்டியதும் அவர் கேட்டார்: “சொட்டு மருந்து பாட்டில் ஒரு மாசத்துக்குத்தானே வரணும்? உங்க பாட்டில் மட்டும் எப்படி ரெண்டு மாசம் வருது?”

அஞ்சலகத்தில் பல ஆண்டுகள் தணிக்கையாளர்களைச் சமாளித்தவன் நான். இந்தக் கணக்குக்கு என்னிடம் விடையில்லை. வலியில்லை, தெளிவாகத் தெரிகிறது, பின் எதற்கு நாள் தவறாமல் என்று, நினைவு வந்த நாளில் விட்டேன். வராத நாளில் விட்டதாகச் சொல்லிக்கொண்டேன். இதுவே நான் முன்பு குறிப்பிட்ட ஐயத்தின் விலை.

மறுவாரமே வந்து மருத்துவரிடம் நாயின் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. பார்வைப் புலச் சோதனைக்கு அனுப்பினார். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவிலுள்ள விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கிய ஒளிப்புள்ளிகள் தோன்றும். தோன்றும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தோன்றாதபோது ‘தோன்றியிருக்குமோ’ என்று அழுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பானது அது, ஏமாறுவது நாமே. முன்னொரு முறை நான் அப்படித்தான் தாராளமாக அழுத்தி வைத்திருந்தேன். இம்முறை ஒழுங்காக அழுத்தினேன். தாளில் வந்த படத்தில், இரு கண்களுக்கும் கீழ்ப்பாதியில் கரிய திட்டுகள்.

அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக அமைந்த சித்திரம். என் தெப்பக்குளப் படத்தில் வெற்றாக விடுபட்ட இடமும், இதில் கரியதாக நிரம்பிய இடமும் ஒன்றே.

இழந்த பகுதி மீளாது என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இந்நோயில் அது கறுப்பாகத் தெரிவதும் இல்லையாம். சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் நாய் ‘தெரியாமல்’ போகவில்லை, இல்லாமலே போயிற்று. எஞ்சிய பார்வையைக் காக்க முடியும், ஆனால் சொட்டு நாள்தோறும் விழ வேண்டும் என்றார். இரண்டாவதாக ஒரு மருந்தையும் சேர்த்தார். செவிலியர் மீண்டும் கற்றுக்கொடுத்தார்: கீழிமையை இழுத்து ஒரு துளி, கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்தி வைத்தல், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. இந்த ஐந்து நிமிடத்தை என் துணைவியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறார்.

அன்றிரவு மனோகர் தேவதாஸின் நூலை மீண்டும் எடுத்தேன். அவரைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் அவருடைய தன்னம்பிக்கையையே பெரிதும் போற்றுகின்றனர். தவறில்லை. ஆனால் நோயாளியாகிய எனக்கு அச்சொல் சற்றே அலுப்பூட்டும். தன்னம்பிக்கை குறைந்த நாளில் அது ஒரு குற்றச்சாட்டைப் போல ஒலிக்கும். எனக்குத் தைத்தது வேறு. நிறுத்தக்கூடிய மருந்து எதுவும் இல்லாத நோயோடு அவர் வெளிச்சத்தைக் கூட்டினார், ஆடியை மாற்றினார், கண்ணுக்கு எட்டிய ஒரு சிறு வட்டத்தை வீணாக்காமல் வேலை வாங்கினார். நிறுத்தக்கூடிய மருந்து என் வீட்டு அலமாரியில் இருந்தது. அதைத் திறக்கச் சோம்பியிருந்தேன்.

அவருடைய வாழ்வில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வோர் அறிய வேண்டியது. அவருடைய துணைவியார் மஹிமாவும் கலையுள்ளம் கொண்டவர். 1972இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, தோளுக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2008இல் மறைந்தார். தண்டுவடக் காயமுற்றவரைப் பராமரித்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும். இரவும் பகலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் தோலைக் கவனிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று வராமல் காக்க வேண்டும். ஒரு நாளுக்கே இத்தனை என்றால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு? பார்வை குறைந்துகொண்டே வந்த கணவரும், எழுந்து நடக்க இயலாத மனைவியும் சேர்ந்து வாழ்ந்த அந்த வீட்டிலிருந்துதான் மதுரைப் படங்கள் தாங்கிய வாழ்த்து அட்டைகள் வெளிவந்தன. விற்ற பணம் அறப்பணிகளுக்குச் சென்றது. கண் நோயாளிகளும் அதனால் பயன்பெற்றனர்.

வியப்பு என்னவெனில், அந்தப் படங்களில் துயரம் தேடினாலும் கிட்டுவதில்லை. மழைக்குப் பிந்தைய வயல், கிணறு, கோபுரத்தின் மேல் பறவைகள். எல்லாம் விளையாடிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு ஓடிய ஒரு சிறுவன் விட்டுச்சென்ற ஊர் போல இருக்கின்றன.

என் பயணங்கள் இப்போதும் தொடர்கின்றன. சில மாற்றங்களுடன். படிக்கட்டு இருக்கும் இடங்களில் என் துணைவியாரின் கை என் முழங்கையில் இருக்கும். அல்லது நான் குனிந்து குனிந்து பார்த்து இறங்குவேன். கண் ஓரிடத்தில் நிலைத்துவிடாமல் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பழகுகிறேன். வரைவதும் அதே பழக்கந்தான் என்பதால் எனக்கு எளிதாக இருக்கிறது. ஒரு படத்தை முடித்தேன் என்று எண்ணியதும், தாளின் கீழ்ப்பகுதியைப் பார்த்து, “இங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு மீண்டும் ஒருமுறை இடத்தைப் பார்க்கிறேன். கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்துத் தாமரைக் குளத்தை வரைந்தபோது, அவ்வாறு பார்த்ததில் இரண்டு செருப்புகளும் ஒரு தேநீர்க் குவளையும் கிடைத்தன. செருப்புகள் என்னுடையவை.

ஒரு வேலை மட்டும் எஞ்சியிருந்தது. இந்நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. நாற்பது வயதைக் கடந்தவர்கள் அவசியம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். என் மகள் உடனே சோதித்துக்கொண்டாள்; அழுத்தம் சரியாக இருக்கிறது. என் தம்பிதான் பிடி கொடுக்கவில்லை. “எனக்குக் கழுகுக் கண்ணு அண்ணே” என்பான். அவனிடம் நோயைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததால், தெப்பக்குளப் படத்தை எடுத்துக் கொடுத்து, “இதில் என்ன இல்லை, சொல்” என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். படி இல்லையே என்றான். நாயின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் படத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

சென்ற மாதப் பேருந்தில் நாங்கள் மூவராக வந்தோம். சன்னல் ஓர இருக்கையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். கூடத்தில் அவன் பெயரை அழைப்பதற்குக் காத்திருந்த நேரத்தில், சொட்டு விழுவதற்கு முன்பாக, அவனை வரைந்து முடித்தேன். வாங்கிப் பார்த்தான்.

“அண்ணே, என் மூக்கு இவ்வளவு பெரிசா?”

“அது நம்ம அப்பாவோட மூக்கு” என்றேன்.

அதற்குள் அவனை உள்ளே அழைத்துவிட்டார்கள்.